பாரிஸில் ஒரு செவ்வாய்க்கிழமை: கூட்டமில்லாத பேட்டை எது?

லீபஜார் (கேள்வி):

மே கடைசி வாரம் பாரிஸ் போறோம். ஞாயிறு ராத்திரி இறங்கறோம், வெள்ளி மதியம் கிளம்பறோம். நாலு பேர்: நான், மனைவி, அம்மா, பையன். அம்மாவுக்கு 64 வயசு, வலது முட்டி தேய்மானம். சமதளத்துல மெதுவா மூணு கிலோமீட்டர் நடப்பாங்க, படிதான் ஆகாது. பையனுக்கு 10 வயசு முடிஞ்சிருக்கு. திங்கள் ஐஃபில் கோபுரம், புதன் லூவ்ர், வியாழன் வெர்சாய் அரண்மனைன்னு டிக்கெட் போட்டாச்சு. செவ்வாய்க்கிழமை மட்டும் சும்மா இருக்கு.

அன்னைக்கு மியூசியம், கியூ எதுவும் வேண்டாம். சாதாரண ஜனங்க குடியிருக்கிற பழைய தெரு நாலு, உட்கார பெஞ்சு, நல்ல காப்பி, அது போதும். மோன்மார்த்ர் போங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. படத்துல பார்த்தா ஏற்காடு கோடை விழா சமயத்துல லேடீஸ் சீட் பாறையில நிக்கிற மாதிரி கூட்டம்தான் தெரியுது.

எந்தப் பேட்டை, எந்த ஸ்டேஷன்ல இறங்கி எந்தப் பக்கம் நடக்கணும்? அம்மாவும் மனைவியும் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. மதியம் என்ன சாப்பிடறது? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க. 'சும்மா சுத்துங்க, தானா அமையும்'னு மட்டும் சொல்லிடாதீங்க. முட்டிவலிக்காரங்களைக் கூட்டிக்கிட்டு சும்மா சுத்த முடியாது.

அடிவாரம்:

ப்யூத்-ஓ-காய் போங்க. தெற்கே 13ஆம் வட்டாரத்துல இருக்கிற ஒரு சின்னக் கரடு. உச்சியே கடல் மட்டத்துக்கு மேல சுமார் 63 மீட்டர்தான். பேரைப் பிரிச்சா 'காடைக் குன்று'ன்னு வரும், ஆனா காடைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. 1543ல இங்கே திராட்சைத் தோட்டம் வாங்கின பியேர் காய்ங்கிறவரோட பேர் அது. 1860 வரைக்கும் இந்த இடம் பாரிஸ் எல்லைக்குள்ளயே வரல.

இது ஏன் இன்னும் அமைதியா இருக்குன்னா, கீழே பொந்து. பாரிஸைக் கட்டின சுண்ணாம்புக் கல்லை இந்தப் பக்கமெல்லாம் வெட்டி எடுத்திருக்காங்க. நம்ம சேலம் கருப்பூர் வெள்ளைக்கல் சுரங்கம் மாதிரி மேலேயிருந்து குழி பறிக்காம, அடியில குடைஞ்சுக்கிட்டே போயிட்டாங்க. 1774ல தெற்கு பாரிஸ்ல ஒரு தெரு அப்படியே உள்வாங்கிச்சு. அதுக்கப்புறம் 1777ல பழைய சுரங்கங்களைக் கண்காணிக்கன்னே ஒரு அலுவலகம் வெச்சாங்க, அது இன்னைக்கும் நடக்குது. 1960, 70கள்ல இந்த வட்டாரத்துல முப்பது மாடிக் கட்டடங்களா எழுப்பினப்போ கரட்டு மேல மட்டும் கை வைக்க முடியல, தரை தாங்காது. ரெண்டு மாடி வீடு, கல் பாவின சந்து, கொடி படர்ந்த மதில் எல்லாம் அப்படித் தப்பிச்சதுதான்.

இப்போ வழி. நிறைய குறிப்புகள் மெட்ரோ 6ஆம் லைன்ல கோர்விசார் ஸ்டேஷன்ல இறங்கச் சொல்லும். வரைபடத்துல அதுதான் கிட்ட. ஆனா கோர்விசார் பள்ளத்துல இருக்கு (அந்த இடத்துல ரயில் பாலத்து மேல ஓடறதே அதனாலதான்). எதிர்ல இருக்கிற பூங்கா வழியா படி ஏறித்தான் மேலே வரணும், அம்மாவுக்கு வேண்டாம். அதுக்கு முந்தின ஸ்டேஷன் ப்ளாஸ் திதாலி, லைன் 5, 6, 7 மூணும் நிக்கும். அந்தச் சதுக்கம் ஏறக்குறைய கரட்டு உயரத்துலயே இருக்கு. அங்கிருந்து ரூ போபியோங்கிற தெருவைப் பிடிச்சு அரை கிலோமீட்டர் நடந்தா, ஏறினதே தெரியாம ப்ளாஸ் போல் வெர்லேன் வந்துடும். ('ரூ'ன்னா தெரு, 'ப்ளாஸ்'னா சதுக்கம். பெயர்ப்பலகை நீல நிறத்துல கட்டட மூலையில இருக்கும்.)

முதல் அரை மணி நேரம் இங்கேயே உட்காருங்க. பெஞ்சு இருக்கு. சதுக்கத்துல ஒரு குழாய், ஊர்க்காரங்க பாட்டிலும் கேனுமா வந்து பிடிப்பாங்க. மோட்டார் வெச்ச போர் இல்ல, தானா பீறிக்கிட்டு மேலே வர்ற ஊற்று. 1860கள்ல தோண்ட ஆரம்பிச்சு, நடுவுல இருபது வருஷம் நிறுத்தி வெச்சு, 1904ல 582 மீட்டர் ஆழத்துல தண்ணி கண்டாங்க. வர்றப்பவே 28 டிகிரி சூடு. எதிர்ல செங்கல் முகப்போட நிக்கிறது 1924ல திறந்த நீச்சல் குளம், கட்டினவர் லூயி போனியே. அந்த ஊற்றுக்கும் குளத்துக்கும் தொடர்பு உண்டு. பையன் இறங்கணும்னு அடம் பிடிச்சா, தலைத் தொப்பியும் உடம்போட ஒட்டின நீச்சல் ஜட்டியும் கட்டாயம். தொளதொள ஷார்ட்ஸ் போட்டா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. ரெண்டையும் இங்கேயே வாங்கிப் பெட்டியில போட்டுக்குங்க. பள்ளிக்கூட நாட்கள்ல பொதுமக்களுக்கு விடற நேரம் குறைவு, மாநகராட்சித் தளத்துல பார்த்துட்டுப் போங்க.

அங்கிருந்து ரூ த லா ப்யூத்-ஓ-காய், அதுல பிரியற ரூ தே சேங் தியாமான் ('ஐந்து வைரத் தெரு'). இந்த ரெண்டு தெருதான் பேட்டையோட நடுக்கூடம். பக்கத்துல பசாஜ் புவாத்தோன்னு ஒரு சந்து, ரெண்டு பேர் எதிரெதிரா வந்தா ஒதுங்கணும். சுவரைப் பார்த்துக்கிட்டே நடங்க. கறுப்பு முடிப் பெண்ணும் பக்கத்துல ஒரு வரியும் அச்சு வெச்சு அடிச்சிருந்தா அது மிஸ் டிக்கோடது. 1985லேர்ந்து வரைஞ்சவங்க, 2022 மே மாசம் இறந்துட்டாங்க. சின்ன ஓடு பதிச்ச வீடியோ கேம் பூதங்கள் 'இன்வேடர்'ங்கிற கலைஞரோடது. அதைப் போன்ல பிடிச்சா பாயின்ட் தர்ற ஃப்ளாஷ் இன்வேடர்ஸ் செயலி இருக்கு. பையனுக்கு இறக்கிக் கொடுத்துட்டா 'எப்போ ரூமுக்குப் போறோம்'னு கேட்கவே மாட்டான்.

தெரு முனையில 'பாரி கம்யூன் 1871'ங்கிற பேர்ல ஒரு குட்டிச் சதுக்கம். 1871 மே 24, 25ல அரசுப் படையை இந்தக் கரட்டு மேலேர்ந்துதான் கம்யூன்காரங்க (அந்த வருஷம் பாரிஸைப் பிடிச்சு ஆண்ட புரட்சிக்காரங்க) தடுத்து நிறுத்தினாங்க. நீங்க போறதும் ஏறக்குறைய அதே தேதி.

பிறகு ரூ பாரோ வழியா இறங்கி ரூ தாவியெல். 10ஆம் எண் வாசல்தான் 'சின்ன அல்சாஸ்'. 1912ல தொழிலாளர் குடும்பங்களுக்காகக் கட்டின 40 வீடு, மரச்சட்டம் வெளியே தெரியற மாதிரி, நடுவுல முற்றம். எதிர்ல வில்லா தாவியெல், குட்டித் தோட்டம் வெச்ச செங்கல் வீடுங்க வரிசை. ரெண்டும் ஜனங்க குடியிருக்கிற இடம். வாசல் திறந்திருந்தா மெதுவாப் போய்ப் பார்த்துட்டு வரலாம், சாத்தியிருந்தா விட்டுடுங்க.

குகை:

சாப்பாட்டு விஷயம் நான் சொல்றேங்க. செவ்வாய்க்கிழமை அமைஞ்சது நல்லதாப் போச்சு. ஒகுஸ்த் ப்ளான்கி புல்வார்ல (அகலச் சாலை), ப்ளாஸ் திதாலிக்கும் ரூ பாரோவுக்கும் நடுவுல செவ்வாய், வெள்ளி, ஞாயிறு காலையில தெருச்சந்தை கூடும். நம்ம சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் பேர் வந்ததும் செவ்வாய்ச் சந்தையாலதானே, அம்மாகிட்ட அதைச் சொல்லிக் கூட்டிட்டுப் போங்க. காலையில ஏழு மணிக்கே கடை போட்டு, மதியத்தோட எடுத்துக் கட்டிடுவாங்க. ஒன்பதரை, பத்துக்குப் போனா சரியா இருக்கும்.

சந்தையில ரெண்டு பழக்கம். 'போன்ஷூர்' (வணக்கம்) சொல்லாம விலை கேட்டா முகம் சுளிப்பாங்க. அப்புறம், பழத்தை நாம எடுத்து அமுக்கிப் பார்க்கக் கூடாது, கடைக்காரர்தான் எடுத்துத் தருவார். இன்னைக்குச் சாப்பிடவா நாளைக்கான்னு கேட்பார், அதுக்குத் தகுந்த பழுப்புல பொறுக்கித் தருவார். மே கடைசியில ஸ்ட்ராபெர்ரி நல்ல பருவம், செர்ரி அப்பத்தான் வர ஆரம்பிக்கும். ஸ்ட்ராபெர்ரிக்கு 'ஊன் பார்கெத்'னு கேளுங்க, ஒரு சின்னப் பெட்டி.

முட்டை கூட இல்லாத சைவத்துக்கு எங்கே சறுக்கும்னா:

பாகெத்ல (நீள ரொட்டி) 'த்ராதிஸியோன்'னு கேட்டு வாங்குங்க. 1993ல போட்ட அரசாணைப்படி மாவு, தண்ணி, உப்பு, ஈஸ்ட்தான் அடிப்படை, முட்டையோ கொழுப்போ கிடையாது. க்ருவாசோன் மாவுல பொதுவா முட்டை இருக்காது, ஆனா மேலே அந்தப் பளபளப்பு முட்டை பூசி வர்றது. பிரியோஷ்ல மாவுலயே முட்டை.

சீஸ் இன்னும் மோசம். கோம்தே, ரோக்ஃபோர், ப்ரீ த மோ, நோர்மாந்தி காமெம்பேர் இதுக்கெல்லாம் உறை குத்தறது கன்றுக்குட்டி மாதிரி பால்குடி மாறாத குட்டிங்களோட இரைப்பையிலேர்ந்து எடுக்கிற சத்தால. அம்மா அதைத் தெரிஞ்சுக்கிட்டா தொடமாட்டாங்க, தெரியாம கொடுக்கிறதும் சரியில்ல. பாக்கெட் சீஸ்ல 'ப்ரெஸ்யூர்' (அந்த உறைச் சத்து)னு மட்டும் போட்டிருந்தா விடுங்க. 'வெஜெத்தால்' இல்லன்னா 'மிக்ரோபியன்'னு சேர்த்துப் போட்டிருந்தா சரி. தயிர் வாங்கறப்போ 'நாத்யூர்' (வெறும் தயிர்)னு பார்த்து, 'ஜெலத்தின்' இல்லன்னு உறுதி பண்ணிக்குங்க. வெங்காய சூப் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாறுலதான்.

ஓட்டல்ல 'வெஜெத்தாரியன்'னு மட்டும் சொன்னா ஆம்லெட்டைக் கொண்டாந்து வெப்பாங்க. 'சான் வியாந்த், சான் புவாசோன், சான்ஸெஃப்'னு மூணையும் சொல்லணும் (கறி, மீன், முட்டை இல்லாம). அப்படிச் சொன்னாலும் ப்யூத்-ஓ-காயில இருக்கிற சின்ன ஓட்டல்கள்ல சாலட்டும் உருளைக்கிழங்கும்தான் மிஞ்சும். அதனால அங்கே காப்பியோட நிறுத்திக்குங்க. சந்தையில ரொட்டி, தக்காளி, பழம் வாங்கி சதுக்கத்து பெஞ்சுல பத்தரை, பதினொன்னு மணிக்கு ஒரு டிஃபன். மதியச் சாப்பாடு லா ஷப்பெல்லுல.

லா ஷப்பெல், கார் து நோர் ரயில் நிலையத்துக்கு வடக்கே. ரூ து ஃபோபூர் சேன்-தெனி, ரூ காய், ரூ பெர்தோனே இந்தத் தெருக்கள்ல பலகையெல்லாம் தமிழ்லயே இருக்கும். பெரும்பாலும் ஈழத்தமிழர் கடைகள். ரூ பஜோல்ல மாணிக்க விநாயகர் கோயில் இருக்கு. தேர் ஓடறது ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் வாக்குல, அது உங்களுக்குக் கிடைக்காது.

நம்ம ஆளுங்கதானேன்னு அசால்ட்டா இருக்காதீங்க, வார்த்தை மாறும். நாம 'வெஜ்'னு சொல்றதை அவங்க 'மரக்கறி'ம்பாங்க. தேங்காய்ச் சம்பல்ல மாசி சேர்ப்பாங்க, அது கருவாடு. ரோல்ஸ் உள்ளே ஆட்டுக்கறியோ மீனோ இருக்கும், மரக்கறி ரோல்ஸ் தனி. வடையில இறால் வெச்சதும் உண்டு. கொத்து ரொட்டி சைவமாவே போட்டாலும் முட்டை கேட்காம விழும், 'முட்டை போடாதேங்கோ'ன்னு முன்னாடியே சொல்லணும். இடியப்பமும் சொதியும் கேளுங்க. மஞ்சள் போட்ட தேங்காய்ப்பால் குழம்பு, காரமே இருக்காது, அம்மாவுக்குப் பிடிக்கும். ஆனா சொதியிலயும் மாசி போட்டிருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

லீபஜார்:

அடிவாரம் அண்ணா, குகை அண்ணா, ரெண்டு பேருக்கும் நன்றி. மாசி விஷயம் சத்தியமா தெரியாது.

ரெண்டு சந்தேகம். லா ஷப்பெல்லுக்கு மெட்ரோ மாறி மாறிப் போகணுமே, படி எத்தனை இருக்கும்? டிக்கெட் ஒன்னொன்னா வாங்கறதா, வாரப் பாஸா? பையனுக்கு அரை டிக்கெட் உண்டா?

மூக்கனேரி:

பையனுக்கு முழு டிக்கெட். 4 வயசு முதல் 10 முடியற வரைதான் அரை.

பாஸ் கணக்கு, 2025 கட்டணப்படி. (ஜனவரிக்கு ஜனவரி கொஞ்சம் ஏத்துவாங்க.) மெட்ரோ, ரயில் ஒரு தடவைக்கு 2.50 யூரோ. பஸ், டிராம் 2 யூரோ. இது ரெண்டும் வேற வேற டிக்கெட், மெட்ரோல இறங்கி அதே டிக்கெட்டுல பஸ் ஏற முடியாது. நிறைய பேர் மாட்டறது இங்கேதான். விமான நிலையம் 13 யூரோ. வாரப் பாஸ் 31.60, அதுல எல்லாமே அடக்கம்: மெட்ரோ, பஸ், வெர்சாய் ரயில், விமான நிலையம் உட்பட.

வாரப் பாஸ் திங்கள் முதல் ஞாயிறு வரைக்கும்தான், வாங்கின நாள்லேர்ந்து ஏழு நாள் இல்ல. நீங்க ஞாயிறு ராத்திரி இறங்கறதால அன்னைக்கு மட்டும் 13 யூரோ தனி. திங்கள்லேர்ந்து வெள்ளி வரை பாஸ். தனித்தனியா வாங்கினா நாலு நாளைக்குத் தினம் நாலு பயணம்னு வெச்சா 40, திரும்ப விமான நிலையம் 13, ஆக 53. பாஸ் 31.60, அட்டைக்கு 5, ஆக 36.60. வர்ற வாரத்துப் பாஸை முந்தின வெள்ளிக்கிழமையிலேர்ந்தே விப்பாங்க, அதனால ஞாயிறு ராத்திரி விமான நிலையத்துலயே ஏத்திக்கலாம்.

அட்டை பேர் நவிகோ தெகூவெர்த். 3 சென்டிமீட்டர் உயரம், 2.5 அகலத்துல போட்டோ ஒட்டணும், பேர் எழுதணும். போட்டோ ஒட்டலைன்னா உள்ளே பாஸ் இருந்தாலும் அபராதம் போடுவாங்க. நாலு பேருக்கும் இங்கேயே அந்த அளவுல பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க. ஆளுக்கொரு அட்டை, ஒரே அட்டையை நாலு பேர் மாத்தி மாத்தித் தேய்க்க முடியாது.

படி: பாரிஸ் மெட்ரோல முழுக்க லிஃப்ட் உள்ளது 14ஆம் லைன் ஒன்னுதான். மத்ததுல எஸ்கலேட்டர் பாதி வழி வரும், மீதி படி. அதனால பேட்டையைச் சுத்தி முடிச்சுட்டுத் தெற்கே மேசோன் ப்ளான்ஷ் ஸ்டேஷனுக்கு வாங்க, 2024 ஜூன்லேர்ந்து 14 அங்கே நிக்குது. அதுல ஷாத்லே. அங்கேயே ஆர்.ஈ.ஆர். பி (புறநகர் ரயில்) மாறினா ஒரே ஸ்டேஷன், கார் து நோர். ரெண்டு இடத்துலயும் லிஃப்ட் இருக்கு, கிளம்பும் முன்னாடி ஆர்.ஏ.டி.பி. (மெட்ரோ நடத்தற நிறுவனம்) செயலியில ரிப்பேர்னு போட்டிருக்கான்னு பார்த்துக்குங்க. கார் து நோர்லேர்ந்து ரூ காய் மெதுவா நடந்தா பத்து நிமிஷத்துக்குள்ள. மேசோன் ப்ளான்ஷ்லேர்ந்து 7ஆம் லைன்ல மாறாம லூயி ப்ளான் போகலாம்தான், ஆனா படி உண்டு.

அடிவாரம் சொன்னதுல ஒன்னு சேர்க்கணும். கரட்டுலேர்ந்து தெற்கே எல்லாம் இறக்கம்னு நினைச்சுடாதீங்க. ரூ தாவியெல் தாழ்வுல இருக்கு. அங்கிருந்து ரூ த தோல்பியாக் வழியா சேன்த் ஆன் சர்ச் வர்றப்போ மெல்லிய ஏற்றம். கடைசியில மேசோன் ப்ளான்ஷ் போறப்பவும் ஒரு ஏற்றம். படி இல்ல, சரிவுதான். முட்டி முரண்டு பிடிச்சா தோல்பியாக் தெருவுல 62ஆம் நம்பர் பஸ் ஓடுது, வாரப் பாஸ்லயே ஏறிக்கலாம்.

கழிப்பறை: தெருவோரத்துல தானியங்கிக் கூண்டுகள், இலவசம். ஒருத்தர் வெளியே வந்ததும் கதவைப் பிடிச்சு உள்ளே நுழையக் கூடாது. கதவு மூடி உள்ளே கழுவி முடிச்சு, பச்சை விளக்கு வந்த பிறகுதான் பொத்தானை அழுத்தணும். அவசரப்பட்டா குளிச்சுட்டுத்தான் வரணும்.

கொண்டலாம்பட்டி:

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன். ப்யூத்-ஓ-காய்க்கு ஒரு நாள் முழுசும் தேவையில்லைங்க. ஒன்பதரைக்கு ஆரம்பிச்சா ஒரு மணிக்குள்ள முடிஞ்சுடும், அதுக்கு மேல அதே தெருவுல திரும்பத் திரும்ப நடக்கணும். சாயங்காலம் அங்கே குடிக்க வர்ற இளவட்டக் கூட்டம் சேரும், நீங்க கேட்ட அமைதி காலையில மட்டும்தான். லா ஷப்பெல்ல சாப்பிட்டுட்டு அம்மாவை ரூம்ல படுக்க வைங்க. மே கடைசியில இருட்டவே ராத்திரி ஒன்பதே முக்கால் ஆகும், ஆறு மணிக்கு எழுந்து கிளம்பினாலும் நாலு மணி நேர வெளிச்சம் இருக்கு.

அந்த நேரத்துக்கு இன்னொரு இடம் சொல்றேன்: லா மூசாயா, 19ஆம் வட்டாரம். மெட்ரோ 7 பிஸ், தான்யூப் ஸ்டேஷன். இங்கேயும் அதே கதைதான், அடியில பொந்து. ஆனா சுண்ணாம்புக்கல் இல்ல, ஜிப்சம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்ங்கிற பேரே பாரிஸ்ல வெட்டின ஜிப்சத்தாலதான். மண் அவ்வளவு லேசா இருந்ததால தான்யூப் ஸ்டேஷனையே ஆழத்துல இறக்கின தூண்கள் மேல நிறுத்தியிருக்காங்க. மேலே கனமான கட்டடம் கட்ட முடியாம சின்னச் சின்ன வீடா விட்டுட்டாங்க, அதுங்களுக்கு நடுவுல 'வில்லா'ன்னு சொல்ற ஒத்தையடிச் சந்துகள், ரெண்டு பக்கமும் ரோஜாவும் விஸ்டீரியாவும். கார் வராது. ஆனா சரிவு, படிக்கட்டு ஸ்டேஷன். நீங்களும் பையனும் மட்டும் போங்க.

ரூ க்ரெமியூன்னு கலர் கலரா வீடு இருக்கிற தெரு ஒன்னு படத்துல சுத்திக்கிட்டு இருக்கும். அதை விட்டுடுங்க. ஜன்னலுக்கு நேரா நின்னு டான்ஸ் ஆடிப் படம் எடுக்கிறவங்க தொல்லை தாங்காம, சாயங்காலமும் சனி ஞாயிறும் கேட் போட்டு மூடணும்னு அங்கே குடியிருக்கிறவங்க 2019ல மாநகராட்சிகிட்ட மனு கொடுத்தாங்க. சின்ன அல்சாஸுக்கும் இது பொருந்தும். முற்றத்துல துணி காயும், யாராவது செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருப்பாங்க. கண்ணைப் பார்த்து போன்ஷூர் சொல்லிட்டு, படம் எடுக்கணும்னா கட்டடத்தை மட்டும், ஆளை விட்டுட்டு எடுங்க. கூட்டமில்லாத இடம்னு போறவங்கதான் அடுத்த கூட்டம்.

அடிவாரம்:

கொண்டலாம்பட்டி சொன்ன நேரக் கணக்கு சரி, காலைப் பொழுது போதும். மூக்கனேரி திருத்தினதும் சரி. நான் சொல்ல வந்த தெற்குப் பாதி விட்டுப்போச்சு.

சேன்த் ஆன் சர்ச் 1894ல ஆரம்பிச்சு 1912ல முடிச்சது. முகப்புக்குக் காசு கொடுத்தது லோம்பார்ங்கிற சாக்லேட் ஆலைக்காரங்க, அதனால முகப்புக்கு இன்னைக்கும் அவங்க பேர்தான் சொல்றாங்க. அதைத் தாண்டினா ரூ தியூலாஃபுவா, கூரை கூம்பா வெச்ச ஒரே மாதிரி வீடுங்க வரிசை. அப்படியே கீழே வந்தா அபே எனோக் சதுக்கம், பக்கத்துலயே ரூ து மூலேன் தே ப்ரேல 72ஆம் எண் வாசல்ல ஸ்க்வார் தே பெப்லியே. முக்கோணமா வளைஞ்சு வந்த வழிக்கே கொண்டுவிடற ஒரு கல் பாவின சந்து, வீட்டு முகப்பெல்லாம் கொடி. கல் மேடு பள்ளமா இருக்கும், அம்மா செருப்பு போட்டுக்கிட்டு நடக்க வேண்டாம், பின்னால பட்டை வெச்சது இல்லன்னா ஷூ.

இந்தப் பக்கம் ஏன் இவ்வளவு தாழ்வுன்னா, இங்கே ஒரு ஆறு ஓடிச்சு. பியேவ்ர். நம்ம சேலம் திருமணிமுத்தாறு கதையேதான். 15ஆம் நூற்றாண்டுல கோப்லான்ங்கிற குடும்பம் அதன் கரையில சாயப்பட்டறை போட்டுச்சு, பிறகு தோல் பதனிடறவங்க, துணி வெளுக்கிறவங்க. கடைசியில சாக்கடையாகி நாத்தம் தாங்காம, நகரத்துக்குள்ள ஓடின மிச்சத்தையும் 1912ல மூடிட்டாங்க. கோப்லான் இடத்துல 1662லேர்ந்து அரசாங்க நெசவுக்கூடம், ப்ளாஸ் திதாலிக்கு வடக்கே அதே பேர்ல இருக்கிற அவென்யூவுல இன்னைக்கும் தறி ஓடுது. ஆறு போன பாதையைக் காட்ட அங்கங்க நடைபாதையில வட்டமா உலோகத் தகடு பதிச்சிருக்காங்க, 'பியேவ்ர்'னு எழுதியிருக்கும். பையன் பூதம் பிடிச்சு முடிச்சதும் அதைத் தேடச் சொல்லுங்க.

ஸ்க்வார் தே பெப்லியேக்கு வந்தும் அம்மா தெம்பா இருந்தா மட்டும் தென்மேற்குல சித்தே ஃப்ளோரால். ஆத்து வெள்ளம் நின்ன சதுப்புல 1928 வாக்குல கட்டின குட்டி வீடுங்க, தெருப் பேரெல்லாம் பூ: கிளிசீன், ஆர்கிட், ஐரிஸ், மிமோசா. இல்லன்னா நேரா மேசோன் ப்ளான்ஷ். சுத்தி வளைச்சு மொத்தம் மூணரை கிலோமீட்டருக்குள்ள வரும், நடுவுல உட்கார மூணு இடம்: வெர்லேன் சதுக்கம், சர்ச், எனோக் சதுக்கம்.

லீபஜார்:

போதும் போதும்ங்கிற அளவுக்குச் சொல்லிட்டீங்க. அம்மாகிட்ட திருமணிமுத்தாறு கதையைச் சொன்னதும் நெசவுக்கூடத்தையும் பார்க்கணும்ங்கிறாங்க. நாளைக்கு நாலு பேருக்கும் 3க்கு 2.5 போட்டோ எடுக்கணும். மே கடைசியில குளிர் எப்படிங்க?

மூக்கனேரி:

காலையில 10, 11 டிகிரி, மதியம் 20. ஏற்காட்டுல மார்கழிக் காலைக்கு என்ன போடுவீங்களோ அது. மழை சொல்லாம வரும், மடக்குக் குடை ரெண்டு. நெசவுக்கூடத்தை உள்ளே போய்ப் பார்க்க முன்பதிவு வேணும், எல்லா நாளும் விடறதில்ல. முதல்ல அந்தத் தேதியைப் பார்த்துட்டு அப்புறம் அம்மாவுக்கு வாக்கு கொடுங்க.